மூணே முக்கால் கிலோ மல்லியும் ஒரு சொற்புதிரும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி கிலோ 640 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூணே முக்கால் கிலோவுக்கு எவ்வளவு? கமிஷன் கடைக்காரர் பேனாவைத் தொடமாட்டார். மூணு கிலோவுக்கு 1920, முக்காலுக்கு 480, ஆக 2400.

சரி, இப்போது வேறொரு கேள்வி. ஆடி, நீர், மணி: மூன்றுக்கும் முன்னால் ஒரே சொல் சேர வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடாது. அப்புறம் பளிச்சென்று 'கண்' என்று வந்து நிற்கும். எப்படி வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. (மதுரைக்காரர்கள் கண்மாயையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

இந்த இரண்டு நேரத்திலும் மூளையின் மின்னோட்டம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதைப் பார்க்க உதவுவது, வலிப்பு நோய்க்காக டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் அதே ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) சோதனைதான். எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்லி, பசை தடவி மின்முனைகளை ஒட்டுவார்கள். கிடைப்பது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். மனித மூளையில் இதை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924இல்.

தனி நரம்பணுவின் சத்தம் மண்டையோட்டைத் தாண்டி வராது. அழகர் ஆற்றில் இறங்கும்போது கோரிப்பாளையத்தில் நின்றால் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. எல்லோரும் சேர்ந்து 'கோவிந்தா' என்றால் கேட்கும். ஈஈஜியும் ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒன்றாக ஏறி இறங்குவதைத்தான் பிடிக்கிறது.

பூக்கடைக் கணக்கில் 1920ஐ நினைவில் பிடித்துக்கொண்டே 480ஐக் கண்டுபிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட வேலையில் நெற்றிக்கு மேலே நடுப்பகுதியில், விநாடிக்கு 4 முதல் 8 முறை அசையும் தீட்டா அலை வலுக்கிறது. சுமை கூடினால் அலையும் கூடும்.

பளிச்சென்று வரும் விடையின் கதைதான் சுவாரசியம். அமெரிக்காவில் மார்க் யுங்-பீமன், ஜான் கூனியோஸ் குழுவினர் இதே மாதிரி மூன்று சொல் புதிர்களை ஆங்கிலத்தில் கொடுத்துப் பார்த்து, 2004இல் வெளியிட்டார்கள். விடை திடீரென்று தோன்றியதாகச் சொன்னவர்களுக்கு, பொத்தானை அழுத்துவதற்குச் சுமார் 0.3 விநாடி முன்பு, வலது காதுக்கு மேலே 40 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது விநாடிக்கு 40 முறை அசையும், காமா அலை வெடித்தது. அதற்கும் முன்பே, வலப்பக்கப் பின்மண்டையில் ஆல்பா அலை (விநாடிக்குச் சுமார் 10 முறை அசைவது) எழுந்திருந்தது. அது பார்வைக்கான பகுதி. அங்கே ஆல்பா ஏறினால், வெளியிலிருந்து வரும் காட்சியை மூளை கொஞ்சம் அடக்கி வைக்கிறது என்று அர்த்தம். கண் திறந்துதான் இருக்கிறது, திரையில் சொற்களும் இருக்கின்றன. ஆனால் உள்ளே லேசாக எழும் ஒரு தொடர்பைக் கேட்க, மூளை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. யோசிக்கும்போது நாம் கூரையைப் பார்ப்பதும் சும்மா இல்லை போல.

2006இல் அதே குழு இன்னொன்றைக் கண்டது: விடை பளிச்சென்று வரப்போகிறதா, படிப்படியாக யோசித்து வரப்போகிறதா என்பதற்கான தடயம், புதிர் திரைக்கு வருவதற்கு முன்பே ஈஈஜியில் இருந்தது.

இதை வைத்து 'வலது மூளைக்காரர்' என்று யாருக்கும் பட்டம் கட்ட முடியாது. இரண்டு வேலைக்கும் இரு பக்கமும் வேண்டும். காமாவைப் பிடித்துக் காட்டும் தலைப்பட்டை என்று விளம்பரம் வந்தால் கூடுதல் சந்தேகம் நல்லது. கண்விழியின் நுண்ணிய துள்ளல்கூட ஈஈஜியில் காமா போலவே பதிவாகும் என்று 2008இலேயே காட்டிவிட்டார்கள்.