புதிய தாமானில் தமிழ்ப்பள்ளி வேண்டுமா? முதலில் நிலத்தைப் பாருங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள சுங்கை பட்டாணியைச் சுற்றி ஒரு காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்மரக் (ரப்பர்) காடுதான். இன்று அங்கே வரிசை வரிசையாகத் தாமான்கள், அதாவது வீடமைப்புக் குடியிருப்புகள். தோட்டத்து வீட்டைக் காலி செய்தவர்கள் அங்கேதான் வீடு வாங்கினார்கள். ஆனால் பல தமிழ்ப்பள்ளிகள் பழைய தோட்டத்தை விட்டு நகரவில்லை. செம்பனைக்கு நடுவில் உள்ள பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஏழெட்டுப் பேர். டவுன் பள்ளியிலோ நூலகத்தையும் வகுப்பறையாக்கும் நிலை. "நம் தாமானிலேயே ஒரு பள்ளி கட்டினால் என்ன?" என்ற பேச்சு எல்லா பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் வருகிறது. அதற்கு வழி என்ன என்று பார்ப்போம்.

இந்த முரண்பாட்டுக்கு வயது நூறைத் தாண்டும். 1912-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆகவே பள்ளி தோட்டத்துக்குள் வந்தது, நிலமும் தோட்டத்துடையதாகவே இருந்தது. பின்னர் நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்கு வந்தாலும், பல இடங்களில் நிலம் கைமாறவில்லை. அரசாங்க நிலத்தில் இருப்பது முழு உதவி பெறும் பள்ளி. தனியார் நிலத்தில் இருப்பது பகுதி உதவி பெறும் பள்ளி. இரண்டிலும் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று நடப்புச் செலவுக்கும் மானியம் வரும். கட்டடம் என்று வரும்போதுதான் பகுதி உதவிப் பள்ளியின் நிர்வாக வாரியம் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். உங்கள் பள்ளி எந்த வகை என்பதைத் தலைமையாசிரியரிடம் முதல் வேலையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து, யாரிடம் போவது? கூட்டரசு அரசியலமைப்பின்படி கல்வி மத்திய அரசின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் பொறுப்பு. இது புரியாததால் பல மனுக்கள் வருடக்கணக்கில் சுற்றுகின்றன. கல்வி இலாகா "நிலம் எங்கே?" என்று கேட்கும். நில அலுவலகம் "கல்வி அமைச்சின் ஒப்புதல் எங்கே?" என்று கேட்கும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கேட்கக்கூடியவை மூன்று. இருக்கும் பள்ளியில் கூடுதல் கட்டடம் கேட்பது சுலபம், இடம் இருந்தால். புத்தம் புதிய பள்ளி கேட்பது மிகக் கடினம். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம் தேசிய மாதிரி தொடக்கப்பள்ளியை (தமிழ்ப்பள்ளி இந்த வகைதான்) அமைக்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் அப்படிக் கேட்டுப் போனால், நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை இறங்குவதைத்தான் முதலில் காட்டுவார்கள். இறங்குவது உண்மைதான். ஆனால் மொத்தக் கணக்கு ஒன்று, உங்கள் தாமானின் கணக்கு வேறு.

மூன்றாவது வழி இடமாற்றம். அதிகம் பலித்திருப்பது இதுதான். 150-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டத்தில் தேய்ந்து வரும் அத்தகைய பள்ளியை, அதன் உரிமத்தோடு குடியிருப்புப் பகுதிக்கு மாற்றுவார்கள். புதிய உரிமம் தேவையில்லை, பள்ளியின் பெயரும் மிஞ்சும். ஒன்று மட்டும்: தோட்டத்தில் இன்னும் நாலு குடும்பம் இருக்குமானால், அந்தப் பிள்ளைகளின் வேன் செலவுக்கு யார் பொறுப்பு என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். இதை யாரும் எழுதுவதில்லை, அப்புறம் அதுவே சண்டையாகிறது.

சரி, நிலம் எப்படிக் கிடைக்கும்? 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் ரஞ்சாங்கான் தெம்பாத்தான் என்ற உள்ளூர்த் திட்டம் உண்டு. எங்கே வீடு, எங்கே பள்ளி, எங்கே திடல் என்பதை அதுதான் சொல்லும். அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது நான்கு வாரம் உண்டு. அந்த நான்கு வாரத்தில் எழுதும் ஒரு கடிதம், பிறகு கொடுக்கும் பத்து மனுக்களுக்குச் சமம் என்பேன். அறிவிப்பு நாளிதழில் வரும், நகராண்மைக் கழகத்தில் ஒட்டுவார்கள். நாம்தான் பார்ப்பதில்லை.

என் நண்பர் வீடு வாங்கியபோது மேம்பாட்டாளர் காட்டிய வரைபடத்தில் பச்சை நிறத்தில் 'பள்ளி நிலம்' இருந்தது. தமிழ்ப்பள்ளி வரும் என்றே நம்பினார். நில அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது இன்னும் ஒதுக்கீடாக அரசிதழில் வரவில்லை. வந்தாலும் 'பள்ளி' என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த வகைப் பள்ளி என்பதை முடிவு செய்வது அமைச்சு. தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி அந்த நிலம் பொதுத் தேவைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதா என்று நிலத்தின் லாட் எண்ணைச் (மனை எண்) சொல்லிக் கேளுங்கள். வரைபடத்தில் உள்ள பச்சை மையை வைத்து யாரும் பள்ளி கட்ட முடியாது.

மனுவில் உணர்ச்சியைவிடக் கணக்குதான் எடுபடும். தாமானில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை, அதில் பாலர் வகுப்பில் எத்தனை, வரும் ஆண்டுகளில் முதலாம் ஆண்டுக்குப் போகப்போவது எத்தனை, இப்போது எந்தப் பள்ளிக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று வீடு வீடாக எழுதி வாங்குங்கள். மனு பள்ளி வாரியத்தின் பெயரில், கோலா மூடா மாவட்டக் கல்வி இலாகா வழியாக மாநில இலாகாவுக்குப் போக வேண்டும். பெரிய கட்டுமானத்துக்கான பணம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இடம் பெற்றால்தான் வரும். இப்போது நடப்பது 2026 முதல் 2030 வரையிலான 13-வது மலேசியத் திட்டம். அதனால் இந்த ஆண்டு கேட்டால் அடுத்த ஆண்டு கட்டடம் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் நகலிலும் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். அதிகாரி மாறிவிட்டால் அந்த நகல்தான் உங்களிடம் இருக்கும்.