பழம் மரத்தின் ‘ஆன்’, பறவை மரத்தின் ‘இன்’: ஏன்?

“பழம் மரத்தில் இருந்தால் ‘ஆன் த ட்ரீ’, பறவை இருந்தால் ‘இன் த ட்ரீ’. இரண்டும் மரத்தில்தானே இருக்கின்றன?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நமக்கு ‘இல்’ என்ற ஒரே உருபு போதும். ஆங்கிலம் இடத்தை மூன்று விதமாகப் பார்க்கிறது. புள்ளியாக நினைத்தால் அட், பரப்பாகவோ கோடாகவோ நினைத்தால் ஆன், உள்ளிடமாக நினைத்தால் இன். பஸ் ஸ்டாப்புக்கு அட், தரைக்கு ஆன், ஊருக்கு இன். பழம் காம்பால் கிளையில் ஒட்டியிருக்கிறது. பறவையை இலைக்கூட்டம் சூழ்ந்திருக்கிறது. இலையுதிர்ந்த ஒற்றைக் கிளையில் அதே பறவை உட்கார்ந்தால் ஆன் வந்துவிடும்.

உண்மையில் ‘உள்ளே’ என்பது வெறும் வடிவக் கணக்கு அல்ல. பூச்சாடியில் தண்டின் அடி மட்டுமே உள்ளே இருக்கிறது, பூ வெளியேதான் நிற்கிறது, ஆனாலும் இன். மேசைமேல் உருளைக்கிழங்கை வைத்துக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள். கிழங்கு முழுவதும் கிண்ணத்துக்குள் அடங்கியும் இன் வராது, அண்டர்தான். சாடியை நகர்த்தினால் பூவும் கூடவே போகும், கவிழ்த்த கிண்ணத்தைத் தூக்கினால் கிழங்கு மேசையிலேயே கிடக்கும். பொருளை அதன் இடத்தில் எது பிடித்து வைத்திருக்கிறது என்பதே கேள்வி.

இதை உளவியலாளர் சைமன் காரட்டும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் சோதித்தார்கள். கிண்ணத்தில் பிங்பாங் பந்துகளைக் குவித்து, விளிம்புக்கு மேலே இருக்கும் பந்தை ‘இன்’ எனலாமா என்று கேட்டார்கள். அந்தப் பந்தை மேலிருந்து ஒரு நூல் பிடித்திருப்பதாகக் காட்டியதும், இன் என்று சொல்லும் உறுதி குறைந்தது. பந்து இருந்த இடம் மாறவில்லை; அதைப் பிடித்திருப்பது எது என்பதுதான் மாறியது. எத்தனை அழகான சோதனை! கிண்ணம், பந்து, நூல் தவிர அதிகம் தேவையில்லை. நம் கல்லூரிகளில் தமிழின் ‘உள்ளே’, ‘மேலே’ இரண்டையும் இப்படிச் சோதிக்க நிதியும் ஊக்கமும் கிடைக்க வேண்டும்.

‘ஆன் என்றால் மேலே’ என்று மனப்பாடம் செய்தவர்கள் கூரையின் அடியில் ஒட்டிய ஈயிடம் தடுமாறுகிறார்கள். அதற்கும் ஆன்தான், பரப்பைத் தொட்டு, அதனால் தாங்கப்பட்டால் போதும். சுவரில் மாட்டிய படத்துக்கு ஆன், சுவரைப் பிளந்த விரிசலுக்கு இன். எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கு ஆன், குனிந்து ஏறும் காருக்கு இன்.

‘சென்னைக்கு வந்தேன்’ என்பதில் உள்ள ‘கு’ உருபு, அரைவ் என்ற வினைக்குப் பின் நம்மைத் தவறாக ‘டு’ போட வைக்கிறது. ஊர் என்றால் அரைவ் இன், ஸ்டேஷன் என்றால் அரைவ் அட். ரீச் என்று எழுதினால் இடையில் எதுவுமே வேண்டாம்.