பிரஷர் ஏறுவதற்கு முன்பே நஞ்சுக்கொடியில் நடப்பது

பன்னிரண்டாவது வார ஸ்கேனுக்குப் போகும் கர்ப்பிணிகளுக்கு சிங்கப்பூர் மருத்துவமனைகள் சிலவற்றில் கூடுதலாக ஒரு பரிசோதனையும் செய்கிறார்கள். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். கருப்பைக்குப் போகும் தமனியில் ரத்தம் தடையில்லாமல் ஓடுகிறதா என்று ஸ்கேனில் அளப்பார்கள். கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். தேடுவது, கர்ப்பகாலத்தில் பிரஷரை ஏற்றி உறுப்புகளைக் கெடுக்கும் பிரீஎக்லாம்ப்சியா என்னும் நோயை. அதுவோ இருபதாவது வாரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். அப்படியானால் இத்தனை சீக்கிரம் எதைத் தேடுகிறார்கள்?

பதில் தெரிந்தால், கர்ப்பகாலப் பிரஷருக்கு நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்களில் பாதி அடிபட்டுப் போகும். ஊறுகாய் சாப்பிட்டாள், ஆபீஸ் டென்ஷன், ரெஸ்ட்டே எடுக்கவில்லை என்று பழியெல்லாம் அந்தப் பெண் தலையில்தான் விழுகிறது. நோய் தொடங்கும் இடமோ நஞ்சுக்கொடி.

கரு பதிந்ததும் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. அங்கே சுருள் சுருளாக இருக்கும் தாயின் தமனிகளைப் பிடித்து, அவற்றின் தசைச் சுவரை அழித்து, அந்த இடத்தில் தாங்களே குடியேறிவிடுகின்றன. தசை இல்லாத குழாய் சுருங்க முடியாது. வாயகன்று தளர்ந்து கிடக்கும். பிரசவம் நெருங்கும் காலத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கருப்பைக்குப் போக வேண்டும். அதற்கான ஏற்பாடுதான் இது. முதல் சில வாரங்களில் தொடங்கும் இந்த வேலை ஏறக்குறைய இருபதாவது வாரம்வரை நடக்கிறது.

சிலருக்கு அந்தச் செல்கள் போதிய ஆழத்துக்குப் போவதில்லை. தமனிகள் பழையபடி குறுகலாகவே நின்றுவிடுகின்றன. ரப்பர் குழாயின் முனையை விரலால் அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அப்படித்தான் ரத்தமும் நஞ்சுக்கொடியின் மென்மையான கிளைகள்மேல் அடிக்கிறது. ஆக்சிஜனும் ஒருநேரம் கிடைக்கிறது, ஒருநேரம் கிடைப்பதில்லை. நஞ்சுக்கொடி நலிகிறது. இதுவரை தாய்க்கு எதுவும் தெரியாது. பிரஷர் பார்த்தாலும் சரியாகவே இருக்கும்.

அடுத்த கட்டம்தான் ஆபத்தானது. நலிந்த நஞ்சுக்கொடி, எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தக்குழாய்களின் உள்சுவர் ஆரோக்கியமாக இருக்க விஇஜிஎஃப், பிஎல்ஜிஎஃப் என்ற இரண்டு வளர்ச்சிப் புரதங்கள் தேவை. எஸ்எஃப்எல்டி-1 அந்த இரண்டையும் வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. உடல் முழுவதும் உள்சுவர் கெடுகிறது. குழாய்கள் இறுகுவதால் பிரஷர் ஏறுகிறது; சிறுநீரகத்தின் வடிகட்டி வீங்கிச் சிறுநீரில் புரதம் கசிகிறது; கல்லீரலும் மூளையும்கூடத் தப்புவதில்லை. ஆக, பிரஷர் என்பது கடைசியில் வந்து சேரும் விளைவுகளில் ஒன்றுதான்.

இதற்குச் சான்று? 2003இல் போஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு எலிகளுக்கு எஸ்எஃப்எல்டி-1 அதிகமாகச் சுரக்கும்படி செய்தது. அவற்றுக்குப் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரகமும் பிரீஎக்லாம்ப்சியாவில் கெடும் அதே விதத்தில் கெட்டது. புற்றுநோய்க்குத் தரும் விஇஜிஎஃப் தடுப்பு மருந்துகளிலும் பிரஷரும் சிறுநீர்ப் புரதமும் பக்கவிளைவுகள். என்னை அதிகம் அசத்தியது முத்துப்பிள்ளைக் கர்ப்பம். அதில் முழுமையான வகையில் குழந்தையே உருவாகாது, நஞ்சுக்கொடித் திசு மட்டும் கொத்துக்கொத்தாக வளரும். அதிலும் பிரீஎக்லாம்ப்சியா வருகிறது!

நஞ்சுக்கொடி கருவிலிருந்து உருவாவது. அதில் தந்தையின் மரபணுவும் உண்டு. தன் தாய்க்குப் பிரீஎக்லாம்ப்சியா இருந்தபோது பிறந்த ஆணின் மனைவிக்கும் அது வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வு 2001இல் காட்டியது. "எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை" என்று சொல்லும் மாமியார், தன் பிரசவ அட்டையை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

சரி, பன்னிரண்டாவது வாரத்துக்கு வருவோம். தமனிகளை மாற்றும் வேலை அப்போது பாதி வழியில் இருக்கிறது. கருப்பைத் தமனியில் தடை அதிகமாகவும் ரத்தத்தில் பிஎல்ஜிஎஃப் குறைவாகவும் இருந்தால் வேலை சரியாக நடக்கவில்லை என்று ஊகிக்கலாம். அத்தகையவர்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது: 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு வரும் பிரீஎக்லாம்ப்சியா 62 விழுக்காடு குறைந்தது. பதினாறாவது வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அதற்காக மருந்துக்கடையில் நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆபத்து சற்று அதிகம் என்பதால், மருத்துவரிடம் இந்தப் பரிசோதனையைப் பற்றி நாமாகவே கேட்பது நல்லது. முதல் பிரசவம், இரட்டைக் குழந்தை, நீரிழிவு, உடல்பருமன், நாற்பதைத் தாண்டிய வயது ஆகியவையும் கணக்கில் சேரும். உப்பைக் குறைப்பதோ படுத்தே கிடப்பதோ இந்த நோயைத் தடுப்பதில்லை.

இருபது வாரத்துக்குப் பிறகு 140/90 என்ற அளவைத் தொட்டால் கவனம் வேண்டும்; 160/110 என்றால் உடனே மருத்துவமனை. சிங்கப்பூர் வெயிலில் கால் வீங்காத கர்ப்பிணி யார்? அதனால் பாத வீக்கத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. முகமும் கையும் திடீரென வீங்குவது, விடாத தலைவலி, கண்முன் மின்னுவது, வலது விலாவுக்குக் கீழே வலி ஆகியவை வேறு கதை. அந்த விலா வலியைத்தான் பலர் கேஸ்டிரிக் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கப் போகிறார்கள். அது கல்லீரல் பாதிக்கப்பட்டு, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, தட்டணுக்கள் சரியும் ஹெல்ப் நோய்க்குறியாகவும் இருக்கலாம். மூளை பாதிக்கப்பட்டால் வலிப்பு, அதாவது எக்லாம்ப்சியா. வீட்டில் வலிப்பு வந்தால் இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 995ஐ அழையுங்கள். மெக்னீசியம் சல்ஃபேட் இந்த வலிப்பின் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்பது 2002இல் முடிந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில் உறுதியானது.

லபெட்டலால், நிஃபெடிப்பின் போன்ற மாத்திரைகள் பிரஷரை அடக்கும், நஞ்சுக்கொடியைச் சரிசெய்யாது. அது வெளியே வந்தாக வேண்டும். நிலைமை கடுமையாக இல்லாவிட்டால் 37 வாரம்வரை காத்திருக்கலாம். கடுமையாக இருந்தால் 34க்குப் பிறகு காத்திருப்பதில் லாபமில்லை. அதற்கும் முன்பே என்றால், குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, நாள் நாளாக எடைபோட்டு முடிவெடுக்கிறார்கள். மகப்பேறு மருத்துவத்தில் இதைவிடச் சங்கடமான கணக்கு அதிகம் இல்லை.

நஞ்சுக்கொடி வெளியேறிய அன்றே எல்லாம் அடங்கிவிடுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாள்களில் பிரஷர் மறுபடியும் ஏறலாம்; புதிதாகவும் தொடங்கலாம், ஆறு வாரம்வரைகூட. பத்தியச் சாப்பாடும் எண்ணெய்க் குளியலுமாக வீடு பரபரப்பாக இருக்கும் அந்த நாள்களில், பச்சை உடம்புக்காரியின் தலைவலிக்குத் தூக்கமின்மையையும் ஃபேன் காற்றையும் காரணம் சொல்லிவிடுவார்கள். தைலம் தேய்ப்பதற்கு முன் பிரஷர் பாருங்கள். கூடியிருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த நோய் வந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலதுறை மருந்தகத்தில் கொலஸ்ட்ரால், சர்க்கரை பார்க்கப் போகும் ஐம்பது வயதுப் பெண்ணிடம் பிரசவக் கதையை யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள், பிள்ளை தேசிய சேவையை முடித்துவிட்டு வந்திருந்தாலும்.