காரிடார்: இடைகழியிலிருந்து சாலைத்தடம் வரை

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் சாலைத் திட்டங்களைப் பற்றிய பேச்சில் ‘காரிடார்’ என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ‘ரோடு காரிடார்’, ‘கிரீன் காரிடார்’, ‘காரிடார் மேம்பாடு’ என்று பல வடிவில் வருகிறது. கேட்பவர்களில் பெரும்பாலோர் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். கடைக்காரருக்குத் தன் வாசற்படி போய்விடுமோ என்ற கவலை. புளியமரத்தடியில் இளநீர் வெட்டுபவருக்கு மரமே போய்விடுமோ என்ற கவலை. சொல்லின் பொருள் சரியாகத் தெரியாததால், திட்டத்தை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் வேறு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இந்தச் சொல்லை வேரிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

இலத்தீனில் ‘குர்ரெரே’ என்றால் ஓடுதல். நாம் தினமும் சொல்கிற கரண்ட், கூரியர், கோர்ஸ் எல்லாம் இந்த வேரில் கிளைத்தவைதான். கம்பியில் ஓடுவது கரண்ட். கடிதத்தோடு ஓடுபவர் கூரியர். இத்தாலிய மொழியில் இந்த வினையிலிருந்து பிறந்த ‘கொர்ரிடோரே’, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. முதலில் அது கோட்டைக் கட்டுமானச் சொல். மதிலை ஒட்டி, பகைவர் கண்ணில் படாமல் வீரர்கள் போய்வரும் மறைவான வழியை அப்படிச் சொன்னார்கள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக்காக 1565இல் கட்டடக் கலைஞர் வசாரி கட்டிய காரிடார் இன்றும் நிற்கிறது. அர்னோ ஆற்றுப் பாலத்தின் தலைமேலேயே ஏறிப்போகும் அந்த வழியில், ஆள்வோர் தெருவில் கால் வைக்காமல் அரண்மனைக்கு அரண்மனை போய்வரலாம். கூட்டத்தில் கலக்காமல், நிற்காமல், வேகமாகக் கடந்துபோவது என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு பிறந்தது.

பிறகு மாளிகைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அறைகளை இணைக்கும் நடைவழிக்கு அது பெயரானது. முதல் உலகப்போருக்குப் பின் போலந்துக்குக் கடல்வழி கொடுத்த நிலப்பட்டையை ‘போலந்து காரிடார்’ என்றார்கள். நிலத்தில் நீண்டு கிடக்கும் எந்தப் பட்டைக்கும் பொருந்தும் சொல்லாக அது ஆனபிறகு, போக்குவரத்துத் திட்டமிடுவோரும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கையில் பொருள் விரிந்தது. நகர்ப்புறச் சாலை ஒன்றை ‘காரிடார்’ என்று ஒருவர் சொன்னால், அவர் தார் போட்ட பகுதியை மட்டும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவர் வரை கிடக்கும் முழு அகலம், அதற்குள் இருக்கும் நடைபாதை, சாக்கடை, மரம், மின்கம்பம், பஸ் நிறுத்தம், சந்திப்புகள், இருபுறத்துக் கடையும் பள்ளியும் கோயிலும், அந்த வழியே போகும் எல்லா வகை ஆட்களும் சேர்ந்ததுதான் காரிடார். ‘காரிடாரை மறுசீரமைப்பது’ என்றால் அந்த முழு அகலத்தையும் யார் யாருக்கு எவ்வளவு என்று மறுபடி பங்கிடுவது. ஓர் அடி நிலம்கூடப் புதிதாக எடுக்காமல் அதைச் செய்யலாம். சாலை விரிவாக்கம் என்பது முற்றிலும் வேறு வேலை.

இனி தமிழுக்கு வருவோம். கட்டடத்துக்குள் இருக்கும் காரிடாருக்கு நம் பகுதியில் சொல் எப்போதோ இருந்தது: ரேழி. டெல்டாவின் பழைய ஓட்டு வீடுகளில் திண்ணையைத் தாண்டி வாசல் நிலைக்குள் நுழைந்ததும், கூடத்துக்கும் முற்றத்துக்கும் போகும் முன் வரும் குறுகலான இடம். சைக்கிள் அங்கேதான் நிற்கும், நெல் மூட்டையும் அங்கேதான் அடுக்கப்படும். ‘இடைகழி’ என்ற சொல்தான் பேச்சில் தேய்ந்து டேழி, ரேழி என்று ஆனது. இடையில் கடந்துபோகும் இடம் இடைகழி. பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் திருமாலை ‘கோவல் இடைகழியே பற்றி’ நிற்பவராகப் பாடுகிறார். வாசலை விட்டு வெளியே போகவும் இல்லை, உள்ளே புகவும் இல்லை என்று அந்தப் பாட்டே இடைகழிக்கு இலக்கணமும் சொல்லிவிடுகிறது.

அந்தப் பாட்டுக்குப் பின்னுள்ள கதையை வைணவ வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும். திருக்கோவலூரில் மழை இரவு. இடைகழி ஒன்றில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வருகிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம் என்று எழுந்து இடம் கொடுக்கிறார். பேயாழ்வாரும் வருகிறார். இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் நிற்கிறார்கள். சுவர் ஒரு விரல்கூட நகரவில்லை, ஆனாலும் மூவருக்கும் இடம் கிடைத்தது. சாலை மறுசீரமைப்பின் கணக்கை எனக்கு இதைவிட எளிதாக விளக்கிய ஒன்று இல்லை. ஒரு கார் நிற்க ஏறக்குறைய 7 சதுர மீட்டர் வேண்டும்; அதில் பெரும்பாலும் ஒருவர்தான் இருக்கிறார். 12 மீட்டர் நீள டவுன் பஸ்ஸுக்கு 30 சதுர மீட்டர் போதும், உட்கார்ந்தே 50 பேர் போகலாம். அந்த 50 பேரும் ஆளுக்கொரு காரில் வந்தால், நின்றுகொண்டிருக்கவே 350 சதுர மீட்டர் வேண்டும். ஓடும்போது இடைவெளி விடவேண்டும் என்பதால் இன்னும் பல மடங்கு. ஒருவர் படுத்துக்கொள்ளும் சாலையா, மூவர் நிற்கும் சாலையா என்பதைத்தான் ஊர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இடைகழி வீட்டோடு நின்றுவிட்ட சொல்லும் இல்லை. செய்யூர்ப் பக்கம் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலப்பட்டைக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் அந்த நாட்டு நல்லூர்க்காரர். ஆங்கிலச் சொல் அரண்மனையிலிருந்து நிலப்பட்டைக்கு நீண்டதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, தமிழில் அப்படி ஒரு பெயர் வழங்கியிருக்கிறது. ஆனாலும் சாலைக்கு ‘இடைகழி’ என்று இன்று எழுதினால் படிப்பவர் வீட்டு ரேழியைத்தான் நினைப்பார். அதைக் கட்டடத்துக்கே விட்டுவிடலாம்.

அரசும் பத்திரிகைகளும் பயன்படுத்தும் சொல் ‘வழித்தடம்’. சென்னை மெட்ரோவில் வழித்தடம் 3, 4, 5 என்கிறார்கள். யானை வழித்தடம் என்ற சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. இது நல்ல சொல். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் கோடு எது என்பதை அது சரியாகச் சொல்கிறது. கும்பகோணம் கோட்டத்து அரசுப் பஸ்ஸிலும் ‘தடம் எண்’ என்றுதான் இருக்கும். ஆனால் வழித்தடம் என்றால் மனதில் நீளம்தான் வருகிறது, அகலம் வருவதில்லை. தெருவின் அகலத்தைப் பங்கிடும் வேலைக்கு ‘வழித்தட மேம்பாடு’ என்று பெயர் வைத்தால், பஸ் ரூட்டை மாற்றப் போகிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு.

இதற்கு என் பரிந்துரை ‘சாலைத்தடம்’. காரணம் ‘தடம்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காலடித் தடம், ஒற்றையடித் தடம், வண்டித்தடம், தடம் புரண்ட ரயில் என்று அது நடப்பவரையும் வண்டியையும் ஒருசேரத் தாங்குகிறது. அதே ஒலியில் ‘தட’ என்றொரு உரிச்சொல்லும் உண்டு. ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்கிறது தொல்காப்பியம். தடந்தோள், தடங்கண் என்று பெரிதாக, அகலமாக இருப்பதைக் குறிக்க அதைத்தான் சேர்க்கிறோம். சுவடும் அகலமும் ஒரே ஒலியில் அமைந்த சொல் நமக்கு வேறு இல்லை. கல்வெட்டுகளில் வரும் ‘பெருவழி’யை மீட்டுக் கொண்டுவரலாமே என்று கேட்பவர்களும் உண்டு. அது ஊருக்கு ஊர் போகும் நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லில் நாவல்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று பொறித்து, எழுத்துத் தெரியாதவர்களுக்காக அதே எண்ணைக் குழிகளாகவும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வழியில் போகிற அத்தனை பேரையும் நினைத்துப் பார்த்துச் செய்த வேலை அது.

சரி, சாலைத்தடத்தை மறுசீரமைப்பது என்றால் தரையில் என்ன நடக்கும்? டெல்டாவின் ஏதாவது ஒரு கடைத்தெருவில் நின்று குறுக்காகப் பாருங்கள். கடைப் படிக்கட்டு. அடுத்தது சாக்கடை, அதன்மேல் போட்ட சிமெண்ட் பலகை. நாலு பலகை தள்ளி ஒன்று உடைந்திருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் விழுந்துவிடக் கூடாதென்று அதில் வேப்பங்கிளையைச் செருகியிருப்பார். பலகைமேல் சாய்ந்து நிற்கும் பைக்குகள், பூக்காரம்மாவின் கூடை, டிரான்ஸ்ஃபார்மரின் கால்கள். பள்ளிக்கூடப் பெண் அதுவரை பலகைமேல் நடந்து வந்தவள், டிரான்ஸ்ஃபார்மர் வந்ததும் தார் ரோட்டில் இறங்குகிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் மினி பஸ் ஹாரன் அடிக்கிறது. கணக்கில் நடைபாதை என்று காட்டப்பட்டிருக்கும் இடம் தரையில் அவளுக்கு இல்லை.

இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், கடைத்தெருவில் அதைவிட அதிகம். விளிம்புக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ஏறமாட்டார்கள். இந்த இடம் எங்கிருந்து வரும்? வண்டிகள் ஓடும் வரிசையிலிருந்துதான், அதாவது ‘லேன்’ என்கிறோமே அதிலிருந்துதான். 3.5 மீட்டர் அகல வரிசை நெடுஞ்சாலைக்கு உரிய அளவு. ஊருக்குள் 3 மீட்டர் போதும். வரிசை குறுகினால் ஓட்டுபவரின் கால் தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 60 கிலோமீட்டரில் வரும் வண்டி 30இல் வருவதைப்போல் நான்கு மடங்கு வலுவோடு இடிக்கும். நடப்பவரும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் உச்சவரம்பு என்று ஸ்டாக்ஹோமில் 2020இல் உலக நாடுகள் கூடி அறிவித்தது இதனால்தான். அமெரிக்காவில் நான்கு வரிசைச் சாலைகளை மூன்றாகக் குறைத்து, நடு வரிசையைத் திரும்பும் வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியபோது விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைந்தன. நமக்குப் பக்கத்திலேயே சென்னை பாண்டி பஜார் 2019இல் நடப்பவர்களுக்கான வளாகமாகத் திறக்கப்பட்டதைப் பலரும் போய்ப் பார்த்திருப்பார்கள்.

இந்த அக்கறை ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள், 19 சதவீதத்துக்கு மேல் நடந்து போனவர்கள். சாலையில் குறைவான இடம் பெற்றவர்கள்தான் அதிகமாகச் சாகிறார்கள்.

டெல்டாவில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. இங்கே பல சாலைகள் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் போகின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். விரிக்க நினைத்தாலும் இடம் இல்லை, இருக்கும் அகலத்தைப் பங்கிடுவதுதான் வழி. ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு ஆயிரக்கணக்கானோர் காவி உடுத்தி, செருப்பில்லாமல், தஞ்சாவூர் – திருவாரூர் – நாகப்பட்டினம் சாலையில் இரவிலும் நடக்கிறார்கள். அது தேசிய நெடுஞ்சாலை. அவர்களுக்கென்று ஓரத்தில் ஒரு மண் தடமாவது வெளிச்சத்தோடு இருந்தால் எத்தனையோ உயிர் மிஞ்சும். அறுவடைக் காலத்தில் இன்னொரு பயனாளி வந்து சேர்கிறார்: நெல். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள், களத்துக்கோ இடமில்லை. மழைமேகம் திரண்டு நிற்க, விவசாயி நெல்லைத் தார் ரோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பிவிடுகிறார். ஓரத்தில் செங்கல்லை வரிசையாக வைத்துக் காவல் இருக்கிறார். இரவில் அந்தச் செங்கல்லில் ஏறி விழும் பைக் ஓட்டுபவரும் நம் ஊர்ப் பிள்ளைதான். ஓடுவதற்கு மட்டும்தான் சாலை என்று நினைத்தால் நெல்லை அள்ளு என்று விரட்டத்தான் தோன்றும். சாலைத்தடம் என்று நினைத்தால், கொள்முதல் நிலையத்தை ஒட்டி உலர்களம் கட்டுவதும் அந்தத் திட்டத்தின் வேலை என்று புரியும்.

பஸ் நிறுத்தத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மகளிர்க்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் 2021இல் வந்தபிறகு, நடவு வேலைக்கும் துணிக்கடை வேலைக்கும் போகும் பெண்கள் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் நிழலும் மேடையும் இல்லையென்றால் எவ்வளவு பஸ் விட்டும் பயன் பாதிதான். பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் அப்புறப்படுத்துவது மறுசீரமைப்பு ஆகாது. சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது, வரைபடத்தில் அவர்களுக்கும் கட்டம் போட வேண்டும்.

கூடவே புழங்கும் சில சொற்கள். பிளாட்பாரம் என்பதற்கு நடைபாதை. ரயிலடியில் இருப்பதற்கு நடைமேடை. சென்டர் மீடியனுக்கு நடுத்திட்டு. சாலையைக் கடப்பவர் பாதியில் நின்று மூச்சுவிடும் இடத்துக்கு ஒதுங்குதிட்டு எனலாம். ‘டிராஃபிக் ஃப்ளோ’வுக்குப் போக்குவரத்து ஓட்டம். ‘ரீடிசைன்’ என்பதற்கு மறுசீரமைப்பு பழகிவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

எழுதும்போது சாலை, தடம் இரண்டையும் பிரிக்காமல் ஒற்று மிகுத்துச் ‘சாலைத்தடம்’ என்றே எழுத வேண்டும். நகராட்சிக்கு மனு எழுதுபவர்கள் இப்படிப் பயன்படுத்தலாம்: ‘ரயிலடி முதல் பழைய பேருந்து நிலையம் வரையுள்ள சாலைத்தடத்தில், சுவர் முதல் சுவர் வரை உள்ள அகலத்தை அளந்து, அதில் நடப்பவர், சைக்கிள், பஸ், வியாபாரிகள், மரம், வடிகால் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கப்பட்ட மீட்டர் எவ்வளவு என்பதை வரைபடத்துடன் வார்டு மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டுகிறோம்.’