‘விளிம்பு’ என்னும் சொல் மனத்தில் வளரும் விதம்

‘விளிம்பு’ என்னும் சொல்லை நாம் முதலில் கையால் தொட்டுத்தான் அறிகிறோம்: மேசையின் விளிம்பு, தாளின் விளிம்பு. பின்னர் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் ‘போரின் விளிம்பில் நின்ற நாடுகள்’ வருகின்றன. வேறொரு நூலில் ‘விளிம்புநிலை மக்கள்’ வருகின்றனர். அகராதி தரும் ‘ஓரம்’ என்னும் பொருளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவருக்கு முதல் தொடர் பாதி விளங்கும். இரண்டாவது தொடர் ஏறக்குறைய விளங்காது. மேசையிலிருந்து சமூகம் வரை அச்சொல் கடந்து வந்த தொலைவை யாரும் அவருக்குப் பாடமாக நடத்துவதில்லை. வாசிப்பினூடாக அவரே கடக்க வேண்டிய தொலைவு அது.

ஒரு சொல்லின் பொருள் மனத்தில் ஒரே நாளில் பதிவதில்லை. சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் ஆகிய உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஆலிவ் பச்சை நிறத் தட்டு ஒன்றையும் வேறு நிறத் தட்டு ஒன்றையும் காட்டி, ஆலிவ் பச்சைக்குக் ‘குரோமியம்’ என்று பெயர் வைத்து, ‘சிவப்பை வேண்டாம், குரோமியத்தைக் கொண்டு வா’ என்பதுபோல் கேட்டனர். அப்பெயரை அதற்கு முன் கேட்டிராத குழந்தைகளும் சரியான தட்டைக் கண்டுகொண்டனர். சில வாரங்களுக்குப் பின்னும் அந்த ஒற்றைச் சந்திப்பின் தடம் பலரிடம் இருந்தது, ஆனால் அது அரைகுறையான தடம். பதின்ம வயதினர் வாசிக்கும்போதும் இதுவே நடக்கிறது: முதல் சந்திப்பில் மங்கலான ஓர் உருவம் கிடைக்கிறது, அடுத்தடுத்த சந்திப்புகள் அதன் கோடுகளை அழுத்தமாக்குகின்றன.

ஒரு சந்திப்பில் எவ்வளவு ஒட்டும்? ஸ்வான்போர்ன், டி குளோப்பர் ஆகிய ஆய்வாளர்கள் 20 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 1999இல் அளித்த விடை இது: இயல்பாக வாசிக்கும் மாணவர் எதிர்கொள்ளும் 100 புதுச்சொற்களில் சுமார் 15 மட்டுமே ஓரளவேனும் கற்கப்படுகின்றன. விகிதம் சிறியதாக இருப்பதால் வாசிப்பின் அளவுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு வெளியே வாசித்ததைக் கணக்கிட்ட 1988ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்க ஆய்வில், வரிசையின் நடுவில் இருந்த மாணவர் புத்தகங்கள் வழியாக ஆண்டுக்குச் சுமார் 2.8 லட்சம் சொற்களைக் கடந்தார். முன்னணிப் பத்து விழுக்காட்டின் எல்லையில் இருந்தவரோ சுமார் 18 லட்சம் சொற்களைக் கடந்தார். வாசிப்பால் சொல்வளம் பெருகுகிறது என்பதோடு, சொல்வளம் உள்ளவருக்கு வாசிப்பு எளிதாகி மேலும் வாசிக்கத் தூண்டுகிறது என்பதும் உண்மையாதலால், இந்த இடைவெளி ஆண்டுதோறும் அகல்கிறது. உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் இதனை ‘மத்தேயு விளைவு’ என்று அழைத்தார்.

பேச்சைக் கேட்டு இந்தச் சொற்களைப் பெற முடியாதா என்றால், பெரும்பாலும் முடியாது. படித்த பெரியவர்களின் உரையாடலைவிடச் சிறுவர் நூல்களில் அரிய சொற்கள் மிகுதி என்பதை ஹேய்ஸ், அஹ்ரென்ஸ் ஆகியோர் 1988இல் எண்ணிக் காட்டினர். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவு இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. பேச்சில் ‘ஆனா’ என்ற ஒன்றே பல வேலைகளைச் செய்துவிடுகிறது. எழுத்திலோ ‘எனினும்’, ‘மாறாக’, ‘ஒருவேளை அவ்வாறாயினும்’ என்று தருக்கத்தின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் தனிச்சொல் உண்டு. உயர்நிலைப் பள்ளி மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் கலைச்சொற்களில்தான் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் கலைச்சொல்லுக்குப் பாடநூலே விளக்கம் தந்துவிடும். ‘மாறாக’ என்பதற்கு எந்தப் பாடத்தின் இறுதியிலும் அருஞ்சொற்பொருள் இராது. அச்சொல்லைக் கவனிக்காமல் கடந்த மாணவர் பத்தி முழுவதையும் தலைகீழாகப் புரிந்துகொள்ளவும் கூடும்.

தெரியாத சொல்லை ஊகிக்கச் சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ஹூ, நேஷன் ஆகியோர் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்போரிடம் 2000இல் நடத்திய ஆய்வின்படி, கதையைத் துணையின்றிப் புரிந்துகொள்ளச் சுமார் 98 விழுக்காட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்றுதான் புதியதாக இருக்கலாம். ஊகத்துக்குச் சொல்லின் உறுப்புகளும் உதவும்: ‘விண்வெளி’, ‘விண்மீன்’ ஆகியவற்றை அறிந்தவர் ‘விண்கல்’ என்பதை எளிதில் பிரித்துணர்வார். ஆனால் இதே வழியில் ‘விண்ணப்பம்’ என்பதில் வானத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அது பிராகிருதத்திலிருந்து வந்த சொல். உறுப்பு தரும் ஊகத்தைச் சூழல் உறுதிப்படுத்தியாக வேண்டும்.

வாசிக்க வைப்பதற்குப் பரிசும் புள்ளியும் தருவது பள்ளிகளில் பரவலான வழக்கம். எனக்கு அதில் ஐயம் உண்டு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோரின் 1973ஆம் ஆண்டு ஆய்வில், ஏற்கெனவே விரும்பி வரைந்துவந்த சிறுவர்களுக்குச் சான்றிதழ் தருவதாக வாக்களித்து வரையச் சொன்னபோது, பின்னாளில் அவர்கள் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பரிசைவிட, நூலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுப்பது நல்லது. ஒரே துப்பறியும் வரிசையையோ, ஒரே பொருள் பற்றிய நூல்களையோ மாணவர் விடாமல் வாசித்தால் ஆசிரியர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை தேவையற்றது. விண்வெளி பற்றி ஐந்து நூல்களை வாசிப்பவர் ‘சுற்றுப்பாதை’, ‘ஈர்ப்புவிசை’ ஆகியவற்றை வெவ்வேறு வாக்கியங்களில் பலமுறை சந்திக்கிறார். ஐந்து துறைகளில் ஒவ்வொரு நூலை வாசிப்பவருக்கு அந்த மறுசந்திப்பு அரிது.

அகராதியை எப்போது திறப்பது? ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றால் கதை அறுந்துபோகும். ஓரத்தில் சிறு கோடிட்டுவிட்டு மேலே செல்லலாம். அத்தியாயம் முடிந்ததும் திரும்பிவந்து, அகராதியைத் திறக்கும் முன் பொருளை ஊகித்துச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சரிபார்க்கலாம். சில நாள் கழித்து, கோடிட்ட சொற்களையும் அவற்றின் பொருளையும் மீண்டும் படிப்பதற்குப் பதிலாக, பொருளை மறைத்துவைத்து நினைவுகூர முயல்வது மேல். ரோடிகர், கார்பிக்கே ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நினைவுகூர்ந்து பழகியவர்கள் தெளிவாக முன்னே இருந்தனர்.