பழைய லேப்டாப்பில் புது வைஃபை: மூடிக்குள் ஓடும் இரண்டு வயர்கள்

1999 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்டு நிகழ்ச்சியில், ஆப்பிள் நிறுவனத்தின் ஃபில் ஷில்லர் கையில் ஒரு ஐபுக் லேப்டாப்போடு உயரத்திலிருந்து கீழே மெத்தையில் குதித்தார். அவர் விழுந்துகொண்டிருக்கும்போதே அந்த லேப்டாப் வயர் எதுவும் இல்லாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. கூட்டம் கைதட்டியது. ஆனால் கடையில் விற்ற ஐபுக்கில் வைஃபை கார்டு கிடையாது. 99 டாலர் கொடுத்து ஏர்போர்ட் கார்டைத் தனியாக வாங்கி, கீபோர்டைத் தூக்கி அடியில் செருகிக்கொள்ள வேண்டும். ஆன்டெனா மட்டும் தொழிற்சாலையிலேயே உள்ளே வைக்கப்பட்டிருந்தது.

பல லேப்டாப்களில் இன்றும் இதே ஏற்பாடுதான். கார்டைக் கழற்றலாம், மாற்றலாம். ஆன்டெனா இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய லேப்டாப்பில் வைஃபையைப் புதுப்பிப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையாக இருப்பது இதனால்தான்.

2011, 2012 வாக்கில் வந்த ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். எஸ்எஸ்டி போட்டாயிற்று, ரேமும் கூட்டியாயிற்று. ஓடுகிறது, ஆனால் இணையம் மட்டும் இழுக்கிறது. அந்தக் காலத்து விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த கார்டுதான் இருக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் அடித்துப்பிடித்தால் என்ன ஆகும்? 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். இன்டெல் 7260 போன்ற 2013-ஆம் ஆண்டுக் கார்டு ஒன்று மாட்டினாலே ஏட்டளவில் 867 மெகாபிட் வேகம் வரும். கார்டைச் செருகும் பழைய ஸ்லாட் இதைத் தாங்குமா என்றால், தாராளமாகத் தாங்கும். அந்த ஸ்லாட் பயன்படுத்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் முதல் தலைமுறையே ஒரு பாதையில் நொடிக்கு 250 மெகாபைட், அதாவது 2000 மெகாபிட் கடத்தும்.

அடி மூடியைக் கழற்றினால் கார்டு கண்ணில் படும். அதில் மாட்டியிருக்கும் கறுப்பு, வெள்ளை வயர்கள் இரண்டும் கீல் வழியாக மேலேறி, திரையின் ஓரமாக மூடியின் உச்சிவரை போகும். அங்கே விரல் நீளத்தில் ஒட்டியிருக்கும் உலோகத் தகடுகள்தான் ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, சுமார் 3 சென்டிமீட்டர் இருந்தால் ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைச் சுற்றி உலோகம் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. மதர்போர்டு பக்கத்தில் வைத்தால் அதன் மின் இரைச்சலும் சேரும், மடியும் கையும் அலையை உறிஞ்சும். மூடியின் உச்சியில் இந்தத் தொல்லைகள் குறைவு. முழுக்க உலோக மூடி உள்ள லேப்டாப்களில்கூட எங்காவது ஒரு பிளாஸ்டிக் பட்டை தெரியும். அது அலை வெளியே போகும் வழி.

இரண்டு ஆன்டெனா எதற்கு? 802.11ஜி என்ற பழைய வைஃபை தரத்தின் காலத்தில், இரண்டில் எதில் சிக்னல் நன்றாக வருகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க. சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் புள்ளிகள் அறையெங்கும் உண்டு; சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு ஆன்டெனாவுக்கு அந்தச் சிக்கல் இருக்காது. 2009-இல் அடுத்த தரமான 802.11என் வந்தபோது இந்தக் கதை தலைகீழானது. ஒவ்வொரு ஆன்டெனாவிலும் வேறு வேறு தகவலை ஒரே சேனலில், ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். சுவரில் பட்டு வரும் பாதைகள் வேறுபடுவதால், வாங்கும் பக்கம் கணக்குப் போட்டு இரண்டையும் பிரித்துவிடுகிறது. முன்பு தொல்லையாக இருந்த எதிரொலியே இப்போது கூலியில்லா வேலையாள். ஒரு வயரை மாட்டாமல் விட்டால் வேகம் பாதியாவது இதனால்தான். பல கார்டுகளில் ப்ளூடூத் இரண்டாவது ஆன்டெனாவை நம்பி இருப்பதால் அதுவும் படுத்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எந்த வயர் எங்கே இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வயர் முனையில் இருக்கும் வட்டமான இணைப்பி இரண்டே மில்லிமீட்டர்தான். முப்பது தடவை கழற்றி மாட்டும் அளவுக்குத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், தலைக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேராக மேலே நெம்ப வேண்டும். மாட்டும்போது நேர் மேலே வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும்.

என்ன கார்டு வாங்குவது? அது ஸ்லாட்டின் வகையைப் பொறுத்தது: சுமார் 2006 வரை மினி பிசிஐ, அப்புறம் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், 2014-க்குப் பிறகு எம்.2. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. எம்.2 கார்டின் ஆன்டெனா இணைப்பி இன்னும் சிறியது, பழைய வயர் அதில் மாட்டாது. எம்.2 ஸ்லாட் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இன்டெலின் வைஃபை கார்டுகளில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 முழுமையான கார்டுகள், ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 அப்படியல்ல, அவற்றின் பாதி வேலையை மதர்போர்டில் இருக்கும் இன்டெல் சிப்செட் செய்கிறது. அதற்கேற்ற போர்டு இல்லாவிட்டால் அவை வெறும் தகடு. சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று கடைசி எண்ணைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

எல்லாம் பொருந்தியும் சில லேப்டாப்கள் அடம்பிடிக்கும். பழைய திங்க்பேடில் புதுக் கார்டைப் போட்டு ஆன் செய்தால் 1802 என்ற பிழை எண்ணோடு, அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு என்று சொல்லி நின்றுவிடும். எச்பி மாடல்கள் சிலவற்றில் இதே கதைக்கு எண் 104. ஒவ்வொரு கார்டும் தயாரிப்பாளர் எண், சாதன எண், துணை எண் என்று தன் அடையாளத்தைச் சொல்லும். லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸ் அதைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சிப் அதேதான் என்றாலும் துணை எண் வேறு என்றால் உள்ளே விடாது. ரேடியோவையும் ஆன்டெனாவையும் சேர்த்தே அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் சான்று வாங்கியிருக்கிறோம் என்பது நிறுவனங்கள் சொன்ன காரணம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் பட்டியலே இல்லாமல் விற்ற நிறுவனங்களும் அதே சட்டத்தின் கீழ்தான் விற்றன என்பதால் என்னால் அதை முழுசாக நம்ப முடியவில்லை. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு இப்படிப் பட்டியல் உண்டா என்று தேடிப் பாருங்கள். உண்டென்றால், அந்த மாடலுக்கென்றே நிறுவனம் விற்ற பாக எண் உள்ள கார்டுதான் பத்திரமான வழி. இல்லையென்றால் யுஎஸ்பி வைஃபை. அதை இந்தப் பட்டியல் கண்டுகொள்ளாது.

கார்டு தெரிகிறது, டிரைவரும் ஏறிவிட்டது, ஆனால் வைஃபை ‘ஆஃப்’ என்றே காட்டுகிறதா? மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் 52 பின்களில் இருபதாவது, ரேடியோவை அணைக்கும் கம்பி. அதில் மின்னழுத்தம் இறங்கினால் கார்டு வாயை மூடிக்கொள்ளும். லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் வைஃபை ஸ்விட்ச் பழுதானாலும் இதே நிலைதான். அந்த ஒரு பின் மேல் மட்டும் வெப்பம் தாங்கும் டேப்பை மெல்லிய கீற்றாக ஒட்டினால் போதும்.

கடைசியாக, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து சிக்னல் அளவைப் பாருங்கள். டிபிஎம் என்ற அலகில் மைனஸ் 40, 50 என்று காட்டினால் சரி. மைனஸ் 75, 80 என்று கிடந்தால் டிரைவரை மாற்றிப் பார்த்துப் பொழுதைக் கழிக்க வேண்டாம். அடி மூடியை மறுபடி கழற்றுங்கள், அந்த இரண்டு மில்லிமீட்டர் தலைகளில் ஏதோ ஒன்று ‘டிக்’ என்று உட்காரவில்லை.