தவணையைக் குறைத்துக் கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

கிரெடிட் கார்டு ஒன்று, பர்சனல் லோன் ஒன்று, பெண்கள் குழுவில் வாரக் கட்டு, கடைத்தெருவில் தண்டல், அடகுக்கடையில் நகை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் பல வீடுகளில் கடன் இப்படித்தான் நாலா பக்கமும் இழுக்கிறது. "எல்லாத்தையும் சேர்த்து மாசம் ஒரே தொகை கட்டினா போதும்" என்று யாராவது சொன்னால் காது கொடுக்கத்தான் தோன்றும். அந்த ஏற்பாட்டைத்தான் கடன் மேலாண்மைத் திட்டம் என்கிறார்கள். அதில் இறங்கலாமா என்பதை மன உளைச்சலில் முடிவு செய்யக் கூடாது. செலவு போக மாதம் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

திட்டம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது முதலில் தெளிவாக வேண்டும். பிணை இல்லாத கடன்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு நிறுவனத்திடமும் வட்டியையோ மாதத் தவணையையோ குறைக்கச் சொல்லி, காலத்தை நீட்டி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முழுக் கடனையும் அடைப்பதுதான் திட்டம். அசலில் ஒரு ரூபாயும் தள்ளுபடி ஆகாது. நம் நாட்டில் எந்த வங்கியையும் இதற்குச் சம்மதிக்கச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு வங்கி ஒத்துக்கொள்ளும், இன்னொன்று கையை விரிக்கும். மறுத்த வங்கியின் மேல் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போனாலும், அது வங்கியின் வணிக முடிவு என்று புகார் தள்ளுபடியாகும். ஆகவே இது முழுக்கப் பேச்சுவார்த்தைதான். கையில் தெளிவான கணக்கோடு போகிறவருக்கே பேச்சு எடுபடும்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். கணவனும் மனைவியும் சேர்ந்து மாதம் 38,000 ரூபாய் கொண்டுவருகிறார்கள். வாடகை 8,000, மளிகை, மீன், கேஸ் எல்லாம் 12,000, பள்ளிக்கூடமும் ஷேர் ஆட்டோவும் 5,000, கரண்டும் போனும் 1,500, மருந்து 1,000. செலவு 27,500, மிச்சம் 10,500. கட்ட வேண்டியதோ கார்டு மினிமம் 6,000, பர்சனல் லோன் 7,000, வாரம் 600 வீதம் குழு லோன் மாதத்துக்கு 2,600, தினம் நூறு வீதம் தண்டல் 3,000. மொத்தம் 18,600. மாதாமாதம் 8,100 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அடைக்கத்தான் அடுத்த தண்டல், அடுத்த டாப்-அப் லோன்.

இதில் கார்டை மட்டும் தனியாகப் பாருங்கள். பாக்கி 1,20,000. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 4,200. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 756. ஆக 6,000 கட்டினால் அசலில் குறைவது 1,044 ரூபாய் மட்டுமே. ஒழுங்காகக் கட்டியும் கடன் ஏன் குறையவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதுதான். இதே பாக்கியை 16 சதவீதத்தில் 36 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் 4,219, வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் சேர்த்து முதல் மாதம் சுமார் 4,500. பர்சனல் லோனில் 1,60,000 பாக்கி இருக்கிறது, அதையும் 48 மாதத்துக்கு நீட்டினால் தவணை சுமார் 4,530. குழு லோனோடு சேர்த்தால் 11,630. மிச்சமோ 10,500தான். தண்டலை இன்னும் சேர்க்கவேயில்லை, அதற்குள் 1,130 உதைக்கிறது.

இந்த இடத்தில் "ஐந்து வருஷமா நீட்டுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். அப்படி நீட்டினாலும் பர்சனல் லோன் தவணை 3,890க்குத்தான் இறங்கும். அப்போதும் சுமார் 500 ரூபாய் பற்றாது. வேறு வழி நகைதான். வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு நகையை விற்று 46,000 வந்தால், 6,000ல் தண்டல் பாக்கியை முடித்துவிட்டு 40,000ஐக் கார்டில் கட்டலாம். கார்டு பாக்கி 80,000 ஆகும், தவணை சுமார் 3,000க்கு இறங்கும். மொத்தம் 10,130. கணக்கு உட்கார்ந்துவிட்டது, ஆனால் கையில் மிஞ்சுவது 370 ரூபாய். ஒரு காய்ச்சல் வந்தால் போச்சு. குழு லோன் முடியும்வரை செலவில் இன்னும் ஆயிரம் ரூபாயாவது இறுக்க முடிந்தால் மட்டுமே இந்த வீடு திட்டத்துக்குள் போகலாம். நகையை விற்காமல் அடகு வைத்தால் அதற்கு ஒரு வட்டி சேரும். மறுபடி முதலில் இருந்து.

தண்டல் எந்தத் திட்டத்திலும் அடங்காது. 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நூறு நாளைக்கு நூறு நூறாக வாங்கினால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். அதனால் முதலில் அடைக்க வேண்டியதும் அதுதான். மிரட்டல், வீட்டு வாசலில் சத்தம் என்று போனால், 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தில் தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் வருகின்றன என்பது நினைவிருக்கட்டும்.

குழு லோனிலும் கை வைக்காதீர்கள். ஒருவர் தவணையைக் குறைத்தால் தவணை வசூலிக்கும் குழுக் கூட்டமான சென்டர் மீட்டிங்கில் மற்றப் பெண்களின் மேல் பாரம் விழும்; தெருவில் உறவு கெடும். அதை முழுசாகவே கட்டும்படி கணக்கை அமையுங்கள். அடகு நகை, பைக் லோன், வீட்டுக் கடன் ஆகியவையும் திட்டத்துக்கு வெளியேதான். அவற்றில் தவறினால் ஏலம், பறிமுதல். கூட்டுறவுச் சங்கக் கடனைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்பதால் பிடித்தம் போகக் கையில் வரும் தொகையையே வருமானமாக எழுத வேண்டும்.

காசிமேட்டில் விசைப்படகை நம்பிப் பிழைக்கிறவர்கள் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதோடு ஜூனில் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும். நல்ல மாத வருமானத்தை வைத்து ஒத்துக்கொண்ட திட்டம் மே மாதத்தில் உடையும். மாதம் 6,000 கட்டுவதாக ஒப்புக்கொண்டால் தடைக்கால இரண்டு மாதத்துக்கு 12,000 வேண்டும். ஆக மற்றப் பத்து மாதமும் 1,200 தனியாக எடுத்து வைக்க வேண்டும். உண்மையான தவணை 7,200 என்று பொருள். அதைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். வலை பின்னுபவர், ஐஸ் உடைப்பவர், மீன் ஏலம் எடுப்பவர், லோடு வண்டி ஓட்டுபவர் எல்லோருக்கும் இதே கணக்குத்தான்.

எப்போது பேசுவது? தவணை தவறுவதற்கு முன்பே, அல்லது தவறி முதல் முப்பது நாளுக்குள். தொண்ணூறு நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் பேச வருகிறவர் பெரும்பாலும் வசூல் ஏஜென்ட். அவரிடம் இருப்பது செட்டில்மென்ட் மட்டுமே, அதாவது பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிக் கணக்கை முடிப்பது. கிளையில் நேரில் கேட்டால் "அப்படி ஒரு வசதி இல்லை" என்றே பதில் வரும். எழுத்தில் கேளுங்கள். வருமானச் சான்று, மேலே சொன்ன செலவுக் கணக்கு, எல்லாக் கடன்களின் பட்டியல், கட்ட முடிந்த தொகை, எந்தத் தேதியில், எத்தனை மாதம் என்று ஒரே பக்கத்தில் எழுதி, கிளைக்கும் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கும் அனுப்பி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஏதும் விடுபடாமல் இருக்க, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் போன்ற நான்கு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். செயலியில் வாங்கி மறந்த ஐயாயிரம் ரூபாய் கடன் அங்கேதான் வெளிப்படும்.

எழுதுவதற்கு முன் இன்னொன்று. கடன் வாங்கிய வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால், பாக்கிக்காக அந்தக் கணக்கிலிருந்தே பணத்தை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழி உண்டு. சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். தவணைத் தேதியைச் சம்பளம் வந்து இரண்டு மூன்று நாள் கழித்து வைக்கச் சொல்லுங்கள். தானியங்கிப் பிடித்தம் ஒருமுறை பவுன்ஸ் ஆனால் இரண்டு வங்கிகளிலும் அபராதம் விழலாம். மேலும் அது பணப் பட்டுவாடா முறைகளுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குக்குக்கூடக் காரணமாகலாம்.

நிறுவனங்களை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை. "வங்கிக்கு இ.எம்.ஐ. கட்டுவதை நிறுத்துங்கள், மாதாமாதம் எங்களிடம் கட்டுங்கள், சேர்ந்ததும் பாதித் தொகைக்குப் பேசி முடிக்கிறோம்" என்றால் அது மேலாண்மைத் திட்டம் அல்ல, செட்டில்மென்ட். வங்கி அவர்களிடம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் சேரும்வரை வட்டியும் வழக்கும் உங்கள் தலையில்தான். சிபிலில் 'செட்டில்டு' என்று விழுந்தால் அடுத்த வீட்டுக் கடனுக்கு அது தடை. செட்டில்மென்ட்தான் வழி என்ற நிலையிலும் நேரடியாகச் செய்யலாம்: வங்கியின் கடிதத்தில் கணக்கு எண், தொகை, கடைசித் தேதி எல்லாம் இருக்க வேண்டும், பணம் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும், ஏஜென்டின் யு.பி.ஐ.க்கு அல்ல.

மிச்சமே இல்லாத வீடு, ஓராண்டுக்குள் தானே அடைத்துவிடக்கூடிய வீடு, இரண்டுக்கும் திட்டம் வேண்டாம். பின்னதற்குச் செலவை இறுக்கினால் போதும். முன்னதற்கு லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது நல்லது; பாரிமுனை உயர்நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம். அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு அப்பீல் கிடையாது, ஆகவே கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மஞ்சக் கடுதாசி என்பது சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர்நீதிமன்றத்தில் போடும் திவால் மனு. சொத்தும் பெயரும் நீதிமன்றத்தின் கையில் போகும் என்பதால் வக்கீலைக் கேட்காமல் அந்தப் பேச்சே வேண்டாம்.

திட்டம் தொடங்கிய பின்னும் போன் வரும். வங்கிக் கடனுக்கு வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. குழு லோனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மீறினால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருந்து, பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448ல் கேட்டு ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். ஒரு மாதம் கட்ட முடியாது என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே மின்னஞ்சல் போட்டு, முடிந்த தொகையை மட்டும் கட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேட்மென்ட் எடுத்து, ஒத்துக்கொண்ட வட்டிதான் போடுகிறார்களா என்று சரிபாருங்கள். பழைய வட்டியே ஓடிக்கொண்டிருப்பது அபூர்வமல்ல.